மருமகள் அனுப்பிய நீல பாட்டில்: பெப்டைடு சீரம் 52 வயது முகத்துக்கு வேலை செய்யுமா?

நெல்லை டீச்சர் | பிப்ரவரி 22

எல்லாருக்கும் வணக்கம். சமையல் பகுதியில் என்னைப் பார்த்திருப்பீர்கள், இந்தப் பக்கம் வருவது இதுதான் முதல் தடவை. பாளையங்கோட்டையில் வீடு, நாங்குநேரி பக்கம் ஒரு பள்ளியில் வேலை. வயது 52. மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகிறது. அதுவரை முகத்தைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. பயத்தமாவு, தேங்காய் எண்ணெய், கல்யாணம் காட்சி என்றால் கொஞ்சம் பவுடர், அவ்வளவுதான். இந்த இரண்டு வருடத்தில் கன்னம் காய்ந்து, கண்ணோரம் கோடு விழுந்து, இடது கன்னத்தில் மங்கு வேறு படர்ந்துவிட்டது.

பொங்கலுக்கு வந்த மருமகள் பார்த்துவிட்டு, பெங்களூர் போனதும் ஒரு பெட்டி அனுப்பினாள். உள்ளே இரண்டு பாட்டில். ஒன்று விட்டமின் சி. இன்னொன்று "காப்பர் மல்டி பெப்டைடு சீரம்", 30 மி.லி., விலை 1,800 ரூபாய். பார்க்க அசல் சொட்டு நீலம். எங்கள் வீட்டுக்காரர் அதை அப்படியே நினைத்து வாஷிங் மெஷின் மேலே கொண்டுபோய் வைத்துவிட்டார். நல்லவேளை, வேட்டிக்கு ஊற்றவில்லை.

நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். காலையில் பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று இரண்டையும் ஒரு கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலந்து வைத்தேன். தலை பின்னிவிட்டு வந்து பார்த்தால் நீலத்தைக் காணோம், அழுக்குப் பச்சையாக நிற்கிறது. பயந்து ஊற்றிவிட்டேன்.

பெப்டைடு என்றால் என்ன, என் வயதில் அது ஏதாவது செய்யுமா, அந்தப் பச்சை என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பீக்கர் | பிப்ரவரி 22

டீச்சர், நான் 19 வருடமாக க்ரீம், சீரம் செய்யும் ஆலைகளின் லேபில் இருக்கிறவன். உங்கள் கிண்ணத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்த நீலம் சாயம் இல்லை, செம்பு. மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த ஒரு குட்டிப் பெப்டைடு செம்பு அயனியைக் கவ்விப் பிடித்திருக்கிறது, அதனால்தான் நீலம். விட்டமின் சி சீரம் நல்ல புளிப்பு. புளிப்பில் அந்தப் பிடி தளர்ந்துவிடும். தளர்ந்த செம்பை விட்டமின் சி வேறு நிலைக்கு மாற்றும், அந்த வேலையில் தானும் கெட்டுப்போகும். ஒரே கிண்ணத்தில் இரண்டு பாட்டில் காசையும் கரைத்துவிட்டீர்கள். ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் வைத்துக்கொண்டால் சண்டை வராது.

பெப்டைடு பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. அமினோ அமிலங்களைக் கோத்தால் புரதம். தோலைத் தாங்கும் கொலாஜன் மூன்று புரி முறுக்கிய கயிறு மாதிரி, ஒவ்வொரு புரியிலும் ஆயிரத்துக்கு மேல் அமினோ அமிலங்கள். அவ்வளவு பெரிய கயிறு மேல்தோல் வழியாக உள்ளே போகவே போகாது. கொலாஜன் க்ரீம் என்று விற்பது தோலின் மேலே ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதற்கு மேல் இல்லை. பெப்டைடு என்பது மூன்று, ஐந்து, ஆறு அமினோ அமிலங்கள் உள்ள துண்டுச் சரம். அது தானே தோலாக மாறுவதில்லை. தோல் செல்லிடம் போய் ஒரு சேதி சொல்கிறது, அல்லது சொல்லும் என்று நம்புகிறோம்.

உங்கள் பாட்டிலில் இருப்பதன் கதை 1973இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் லோரன் பிக்கார்ட் என்பவர் வயதானவர்களின் கல்லீரல் திசுவை இளைஞர்களின் ரத்தத்தோடு வைத்துப் பார்த்தார். கிழத் திசு இளந்திசு போல நடந்துகொண்டது. அதற்குக் காரணமான பொருளைத் தேடிப் போனபோது கிடைத்ததுதான் இந்த மூன்று அமினோ அமிலத் துண்டு. கிளைசின், ஹிஸ்டிடின், லைசின். நம் ரத்தத்திலேயே இருக்கிறது, வயது ஏற ஏறக் குறைகிறது என்றார். புண் ஆறும் இடத்தில் இதற்கு வேலை உண்டு என்று தெரிந்த பிறகு முகத்துக்கும் வந்துவிட்டது.

காவேரிக்கரை | பிப்ரவரி 23

பீக்கர் தம்பி, ஒரு சின்ன விஷயத்தை விட்டுவிட்டீர்களே. கண்டுபிடித்தவரே பிறகு அதை விற்கும் கம்பெனியும் ஆரம்பித்தார். இந்தத் துறையில் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் கடைசி வரியில் ஏதாவது ஒரு கம்பெனி உட்கார்ந்திருக்கும்.

தோல் என்ன திறந்த வீடா? 2000ஆம் ஆண்டிலேயே இரண்டு தோல் விஞ்ஞானிகள் எழுதிவிட்டார்கள், 500 டால்டன் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) எடைக்கு மேல் உள்ள மூலக்கூறு நல்ல தோலைக் கடந்து உள்ளே போவது கஷ்டம் என்று. பாதிப் பெப்டைடுகள் அதற்கு மேலேதான். டீச்சர், மருமகள் மனம் நோகாமல் வாங்கி வையுங்கள். முகத்துக்கு என் ஓட்டு நல்லெண்ணெய்தான்.

பீக்கர் | பிப்ரவரி 23

ஐயா சொல்வதில் முக்கால்வாசி நியாயம். கம்பெனி விஷயத்தில் முழு நியாயம். 500 கணக்கை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

டீச்சருடைய செம்புப் பெப்டைடில் பெப்டைடு மட்டும் 340 டால்டன். அந்த வரம்புக்குள்தான் வருகிறது. ஆனால் எடை மட்டும் போதாது. எண்ணெய் தேய்த்த உடம்பில் தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடுமே, மேல்தோல் கொழுப்புக்கும் தண்ணீரில் கரையும் பெப்டைடுக்கும் அதே உறவுதான். அதற்கு பிரான்சின் செடெர்மா கம்பெனி ஒரு வழி செய்தது. ஐந்து அமினோ அமிலத் துண்டு ஒன்றின் முதுகில் பால்மிட்டிக் அமிலத்தை வாலாக ஒட்டிவிட்டார்கள். வால் சேர்த்தால் எடை 800 டால்டனைத் தொடுகிறது, ஆனாலும் கொழுப்போடு ஒட்டி உள்ளே நகர்கிறது. 2000 வாக்கில் மேட்ரிக்ஸில் என்ற பெயரில் வந்தது அதுதான். லேபிளில் "பால்மிடோயில்" என்று தொடங்கும் பெயரைப் பார்த்தால் வால் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த ஐந்து அமினோ அமிலத் துண்டு எங்கிருந்து வந்தது தெரியுமா? உடம்பு கொலாஜன் செய்யும்போது நுனியில் ஒரு பகுதியை வெட்டிக் கழிக்கும், தையல்காரர் நூல் முனையை நறுக்குவது போல. அந்தக் கழிவுக்குள் உள்ள ஒரு துண்டு, கொலாஜன் செய்யும் செல்களைத் தூண்டுகிறது என்று 1993இல் அமெரிக்காவின் டென்னசியில் கண்டார்கள். இது கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் பார்த்தது. முகத்தில் அல்ல.

முகத்தில் பார்த்தது 2005இல் வந்தது. 35 முதல் 55 வயது வரை 93 பெண்கள், 12 வாரம், பாதி முகத்தில் பெப்டைடு க்ரீம், மறுபாதியில் அதே க்ரீம் பெப்டைடு இல்லாமல். எந்தப் பக்கம் எது என்று அவர்களுக்கும் தெரியாது, மதிப்பெண் போட்டவர்களுக்கும் தெரியாது. பெப்டைடு பக்கம் மெல்லிய கோடுகள் கொஞ்சம் குறைந்தன. கண்ணாடி முன் நின்று துள்ளிக் குதிக்கும் அளவுக்கு இல்லை, அளந்து பார்த்தால் தெரியும் அளவுக்கு. ஆய்வு செய்தவர்கள் ஓலே க்ரீம் விற்கும் ப்ராக்டர் அண்ட் கேம்பிள்காரர்கள். ஐயா, நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட்டேன்.

அந்த க்ரீமில் இருந்த அளவுதான் எனக்குப் பிடித்தது. பத்து லட்சத்தில் 3 பங்கு!

நெல்லை டீச்சர் | பிப்ரவரி 23

பத்து லட்சத்தில் மூன்றா? தம்பி, என் பாட்டிலில் "10% ஆர்ஜிரிலின்" என்றும் போட்டிருக்கிறதே. அப்படியானால் இது ரொம்ப ஸ்ட்ராங்கா? ஆறாம் வகுப்புக்குச் சதவீதம் நடத்துகிறேன், எனக்கே தலை சுற்றுகிறது.

பீக்கர் | பிப்ரவரி 24

இதைத்தான் யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

ஆர்ஜிரிலின் என்பது ஆறு அமினோ அமிலம் உள்ள இன்னொரு பெப்டைடு. எங்கள் லேபுக்குப் பெரும்பாலும் கரைசலாகத்தான் வரும், கேனில். அந்தக் கரைசலிலேயே பெப்டைடு 0.05% தான். மீதி தண்ணீரும் பதனப் பொருளும். அந்தக் கரைசலில் 10% எடுத்து சீரத்தில் ஊற்றினால் பெட்டியில் 10% என்று போட்டுக்கொள்ளலாம். உண்மையில் பெப்டைடு 0.005%. உங்கள் 30 மி.லி. பாட்டிலுக்குக் கணக்குப் போட்டால் ஒன்றரை மில்லிகிராம். ஒரு கல்லுப்பைப் பொடித்து அதில் ஒரு துணுக்கை எடுத்தால் அவ்வளவு. ஆறாம் வகுப்புக்கு நல்ல கேள்வி டீச்சர், பரீட்சையில் கொடுங்கள்.

குறைவு என்பதாலேயே மோசடி என்று சொல்லமாட்டேன். சேதி சொல்லும் பொருள் கொஞ்சம் இருந்தாலும் போதும், ஹார்மோன் அப்படித்தானே. 10% என்று கொட்டை எழுத்தில் போடுவதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

லேபிளில் பினாக்ஸிஎத்தனால் எங்கே வருகிறது பாருங்கள். கெடாமல் காக்கும் பொருள் அது, 1%க்கு மேல் போட அனுமதி இல்லை. அதற்குப் பின்னால் வருவதெல்லாம் ஒரு சதவீதமோ அதற்கும் கீழோதான். 1% வரை உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம் என்று நம் 2020 அழகுசாதன விதிகளே சொல்கின்றன. ஆக வரிசையில் முன்னால் இருப்பதை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம்.

ஆர்ஜிரிலின் வேலை செய்யும் விதம் வேறு. சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸ் ஊசி, நரம்பிலிருந்து தசைக்குச் சேதி போவதற்கு வேண்டிய ஒரு புரதத்தை வெட்டிவிடும். ஆர்ஜிரிலின் அந்தப் புரதத்தின் ஒரு முனையைப் போல வேஷம் போடும். பஸ் வந்ததும் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பார்களே, அது மாதிரி. சீட்டில் துண்டு கிடக்கிறது, உண்மையான ஆள் உட்கார முடியவில்லை, தசை முழுசாகச் சுருங்கவில்லை. கதை அழகாக இருக்கிறது. ஆனால் மேல்தோல், அடித்தோல், கொழுப்பு எல்லாம் தாண்டித் தசை நரம்பு வரை அந்தத் துண்டு போய்ச் சேர வேண்டும். 2002 ஆய்வில் 30 நாளில் சுருக்கத்தின் ஆழம் 30% வரை குறைந்தது என்றார்கள். பார்த்தது 10 பெண்களை. நான் என் மனைவிக்குப் போடாக்ஸுக்குப் பதில் இதைப் போடு என்று சொல்லமாட்டேன்.

ரேவதி கண்ணன் | பிப்ரவரி 25

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் தோழி கொலாஜன் பெப்டைடு பவுடர் விற்கிறாள், பாலில் கலந்து குடிக்கச் சொல்கிறாள். அதுவும் இதுவும் ஒன்றா? நாங்கள் சைவம், "சைவக் கொலாஜன்" இருக்கிறது என்கிறாள்.

காவேரிக்கரை | பிப்ரவரி 25

ஒன்றில்லை அம்மா. அது மீன் தோல், மாட்டுத் தோல், எலும்பு இவற்றின் கொலாஜனைத் துண்டு துண்டாக உடைத்த பொடி. ஆட்டுக்கால் சூப்பின் படித்த தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். செடியில் கொலாஜன் கிடையாது. சைவம் என்று போட்டு விற்கும் டப்பாவைத் திருப்பிப் படித்தால் பெரும்பாலும் விட்டமின் சியும் அமினோ அமிலமும்தான் இருக்கும்.

2025இல் 23 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். மொத்தமாகப் பார்த்தால் தோலுக்கு நல்லது என்று வந்தது. கம்பெனிக் காசு வாங்காத ஆய்வுகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் பலன் ஒன்றும் தெரியவில்லை. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

வெண்பா | பிப்ரவரி 26

தோல் மருத்துவர், திருச்சி. நேரில் பார்க்காமல் யாருக்கும் மருந்து சொல்லமாட்டேன், பொதுவாகச் சில விஷயங்கள் மட்டும்.

டீச்சரம்மா, இந்த இரண்டு வருடத்தில்தான் எல்லாம் வந்தது என்கிறீர்களே, அது பிரமை இல்லை. மாதவிலக்கு நின்ற முதல் ஐந்து வருடத்தில் தோலின் கொலாஜன் 30% வரை குறையலாம். கன்னம் காய்வது அதோடு சேர்ந்ததுதான்.

கோடுகளுக்கு இன்றுவரை ஆதாரம் அதிகம் உள்ளது ட்ரெட்டினாயின், விட்டமின் ஏ வகையைச் சேர்ந்த பூச்சு மருந்து. 1993இல் வந்த ஓர் ஆய்வில், வெயிலால் கெட்ட தோலில் 10 முதல் 12 மாதம் பூசியபோது புதுக் கொலாஜன் 80% கூடியது. வெறும் க்ரீம் பூசியவர்களுக்கு 14% குறைந்தது. எந்தப் பெப்டைடுக்கும் இதற்குச் சமமான ஆதாரத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அது மருந்து. எரியும், உரியும், கர்ப்ப காலத்தில் கூடாது, மாநிறத் தோலில் எரிச்சலே கருமையாகப் படிந்துவிடும். டாக்டர் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். அதைத் தாங்காத முகங்களுக்குப் பெப்டைடு ஒரு சாதுவான துணை. நானும் சிலருக்கு "இருக்கட்டும், போடுங்கள்" என்று சொல்வதுண்டு.

இன்னொன்று, நம் ஊர்த் தோலில் வயது முதலில் சுருக்கமாக வருவதில்லை, கருமையாக வரும். மங்குக்குப் பெப்டைடு பெரிதாக ஒன்றும் செய்யாது. மெடிக்கலில் கேட்டதும் கொடுக்கும் "மங்கு க்ரீம்" எதையும் வாங்கிவிடாதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், தோல் தாள் மாதிரி மெலிந்துவிடும். 2018இலேயே ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றாகிவிட்டது.

ஒரு கேள்வி. மங்கு இடது கன்னத்தில் மட்டும்தானா? கார் ஓட்டுகிறவர்களுக்கும் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் ஒரு பக்கம் மட்டும் கெடுவதைப் பார்க்கிறேன். 2012இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு லாரி டிரைவரின் படம் வந்தது. 69 வயது, 28 வருடம் லாரி ஓட்டியவர். ஜன்னல் பக்கத்து இடது கன்னம் மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது, வலது கன்னம் அவருக்குத் தம்பி போல இருக்கிறது.

நெல்லை டீச்சர் | பிப்ரவரி 26

டாக்டரம்மா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு எழுந்து போய்க் கண்ணாடியில் பார்த்தேன். இடதுபக்கம் மட்டும்தான். கண்ணோரக் கோடும் இடதில்தான் அதிகம்.

17 வருடமாக ஒரே பஸ். டிரைவருக்குப் பின்னால் இல்லாமல் இடதுபக்கம், மகளிர் இருக்கை, ஜன்னலோரம். காலையில் நாங்குநேரிக்குத் தெற்கே போகும்போது இடதுபக்கம் கிழக்கு, வெயில் நேரே முகத்தில். சாயங்காலம் வடக்கே திரும்பும்போது அதே இடதுபக்கம் மேற்கு. போக வர இரண்டு வெயிலும் ஒரே கன்னத்துக்கு. புவியியல் பாடமும் நான்தான் எடுக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. நாளையிலிருந்து வலதுபக்கம்.

கார்த்தி | பிப்ரவரி 27

ஜிம்மில் ஒரு பையன் இதே செம்புப் பெப்டைடை ஊசியாகவே போட்டுக்கொள்கிறான், ஆன்லைனில் சின்ன மருந்துக் குப்பியில் பொடியாக வருகிறது. தோலைத் தாண்டும் பிரச்சினையே இல்லையே, அது பெஸ்ட் இல்லையா?

வெண்பா | பிப்ரவரி 27

இல்லை. "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று எழுதி விற்கும் பொடியில் என்ன இருக்கிறது, கிருமி இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. முகத்தில் பூசுவதற்கு உள்ள சான்றுகளை ஊசிக்குத் தூக்கிப் போக முடியாது. அந்தத் தம்பியை நிறுத்தச் சொல்லுங்கள்.

சிராங்கூன் சித்ரா | பிப்ரவரி 28

சிங்கப்பூரிலிருந்து. டாக்டரம்மா சொன்ன ட்ரெட்டினாயினுக்கு உறவான ரெட்டினால் போட்டு இரண்டு வாரம் தக்காளித் தோலோடு ஆபீஸ் போனவள் நான். அப்புறம் பெப்டைடுதான், மூன்று வருடமாக. கோடு குறைந்ததா என்று கேட்டால் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் முகம் எரியாமல் மிருதுவாக இருக்கிறது. அந்த மிருது கிளிசரினால் வந்ததா பெப்டைடால் வந்ததா என்று பீக்கர் கேட்பார், தெரியும்.

டீச்சர் அக்கா, பீக்கர் சொன்ன அந்தப் பாதி முக ஆய்வை நீங்களே செய்யுங்களேன். ஒரு பக்கம் சீரம், மறுபக்கம் உங்கள் சாதா மாய்ஸ்சரைசர் மட்டும். 12 வாரம். ஒரே ஜன்னல், ஒரே நேரம், மாதம் ஒரு போட்டோ. வீட்டில் யாருக்கும் எந்தப் பக்கம் என்று சொல்லாதீர்கள்.

வெண்பா | பிப்ரவரி 28

செய்யுங்கள். சன்ஸ்கிரீன் மட்டும் இரண்டு பக்கமும். ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் 900 பேருக்கு மேல் வைத்து நாலரை வருடம் பார்த்தார்கள், தினமும் பூசச் சொன்னவர்களுக்குத் தோல் மூப்பு மற்றவர்களைவிட 24% குறைவு. மங்கு உள்ளவர்களுக்கு நிறம் கலந்த சன்ஸ்கிரீன் நல்லது, அதில் உள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் கொஞ்சம் தடுக்கும். இரண்டு விரல் நீளத்துக்கு எடுங்கள், பொட்டு வைப்பது போல எடுக்காதீர்கள்.

நெல்லை டீச்சர் | மே 24

உயிரோடு இருக்கிறேன்! பரீட்சை, பேப்பர் திருத்தல், அப்புறம் அக்கா மகள் கல்யாணம். 12 வாரம் முடிந்தது. இரவில் இடதுபக்கம் மட்டும் நீலம், வலதுபக்கம் வெறும் மாய்ஸ்சரைசர். சன்ஸ்கிரீன் முகம் முழுக்க. விட்டமின் சியைப் பிரித்ததோடு சரி, தொடவில்லை.

நேற்றுக் காலை பத்து மணிக்கு அடுப்படி ஜன்னல் பக்கம் தீர்ப்பு. என் தங்கை இரண்டு போட்டோவையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இடதுபக்கம் கண்ணுக்கடியில் தெளிஞ்சிருக்கு" என்றாள். எங்கள் வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டு, வலதைக் காட்டினார். ஏன் என்று கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்ணுதான், ஏதாவது சொல்லணுமேன்னு சொன்னேன்" என்கிறார்.

என் கண்ணுக்கு இடதுபக்க மெல்லிய கோடு ஒரு துளி குறைந்த மாதிரி இருக்கிறது. மங்கு அப்படியே இருக்கிறது, ஓரம் மட்டும் கொஞ்சம் வெளிறியிருக்கிறது.

காவேரிக்கரை | மே 24

டீச்சர், ஒரு சந்தேகம். இந்த 12 வாரத்தில் வலதுபக்கம் சீட் மாறி உட்கார்ந்தீர்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து லீவு, பஸ்ஸே ஏறவில்லை. 17 வருடமாக வெயில் தின்ற கன்னத்துக்கு இப்போதுதான் ஓய்வு கிடைத்திருக்கிறது. தெளிந்தது சீரத்தாலா, சீட்டாலா?

பீக்கர் | மே 25

ஐயா பாயிண்டைப் பிடித்துவிட்டார். மோசமான பக்கத்தில் போட்டுப் பார்த்ததுதான் தப்பு, நானாவது அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இனி ஒரு 12 வாரம் வலதுபக்கம் மட்டும் போட்டுப் பாருங்கள் டீச்சர், அப்போது தெரிந்துவிடும்.

நெல்லை டீச்சர் | மே 25

பாட்டில் போன வாரமே தீர்ந்துவிட்டது தம்பி. கல்யாண வீட்டில் மருமகள் கேட்டாள், "எப்படி இருக்கு அத்தை?" என்று. இன்னும் பாதி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.